வேனுக்குப் பின்னால் போன ஸ்கூட்டர்: சுனாமியில் தப்பிய ஒரு குழந்தையின் இருபது ஆண்டுகள்

இந்தப் பதிவில் வருபவர் எழுத்துமூலம் ஒப்புதல் தந்திருக்கிறார். வரைவை வாசித்துவிட்டு இரண்டு இடங்களில் திருத்தமும் சொன்னார். ஊர், பள்ளி, குடும்ப விவரங்கள் சிலவற்றை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறோம். நான் நாகர்கோவில் பக்கம் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஒரு மனநல மருத்துவரோடு சேர்ந்து பார்த்த நிகழ்வு இது.

எங்கள் கடற்கரையில் இருந்து வருகிற இருபத்தைந்து, முப்பது வயதுக்காரர் யாராக இருந்தாலும் மருத்துவக் குறிப்பில் எங்கேயாவது ‘சுனாமி’ என்று ஒரு சொல் இருக்கும். அதை எழுதியதும் எல்லாம் விளங்கிவிட்டது போல மேலே கேட்பதை நிறுத்திவிடுகிறோம். அலை வந்தது ஒரு காலை நேரம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த வருடங்களை யாரும் கேட்பதில்லை. இந்த நிகழ்வை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

## வந்த காரணம்

2024 ஜூன். பள்ளி திறந்த சமயம். 28 வயதுப் பெண், தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. கணவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். நாலு வயது மகளோடு மாமியார் வீட்டில் இருக்கிறார். இனி இவரை டீச்சர் என்றே குறிப்பிடுகிறேன். எங்கள் இடத்திலும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

நெஞ்சை அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று அதற்கு முன்பே பல மாதம் மருத்துவமனைகளுக்கு அலைந்திருந்தார். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் சரியாக இருந்தன. ‘கேஸ்’ என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதையும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஜூனில்தான் மகளை எல்கேஜி சேர்த்தார்கள். மகளின் பள்ளி ஒரு திசை, டீச்சரின் பள்ளி வேறு திசை. மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, வேனுக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் போவார். பள்ளி வாசலில் பிள்ளை இறங்கி உள்ளே போன பிறகு திரும்பி, ஏழு கிலோமீட்டர் விரட்டிக்கொண்டு தன் பள்ளிக்கு வருவார். தினமும் தாமதம். வேன் ஓட்டுநர் ஒருநாள் வண்டியை ஓரங்கட்டி, “எனக்க மேல நம்பிக்கையில்லன்னா நீங்களே கொண்டு விடுங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டார்.

அவரை எங்களிடம் வரவைத்தது அதுவல்ல. ஒருநாள் காலையில் சாக்ஸ் போட்டுவிடும்போது மகள் கேட்டிருக்கிறாள்: “அம்மா, வேன் முங்கிருமா?”

வேன் போகிற வழியில் குளம்கூடக் கிடையாது.

## முதல் சந்திப்புகளில் கவனித்தவை

நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, கதவு கண்ணில் படும்படி உட்கார்ந்தார். வெளியே பைக் சத்தம் கேட்டால் பேச்சு ஒரு நொடி நிற்கும், பிறகு தொடரும். எதைக் கேட்டாலும் முதல் பதில் “அதெல்லாம் பரவாயில்ல மேடம்.” தண்ணீர் வேண்டுமா என்றாலும் அதே பதில்தான். நான் லேசாக இருமியதும் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார். பத்து நிமிடத்துக்குள் என்னைக் கவனிக்கிற பொறுப்பு அவரிடம் போய்விட்டிருந்தது.

பள்ளியில் அவருக்கு நல்ல பேர். யாருக்கு முடியவில்லை என்றாலும் அந்த வகுப்பையும் சேர்த்துப் பார்ப்பார். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குச் சுற்றுலா போனபோது, முப்பத்தைந்து பிள்ளைகளின் கையிலும் ஒரே நிற ரிப்பன் கட்டி, பாலத்தின் இந்த முனையில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, அந்த முனையில் ஒருமுறை என்று தலை எண்ணியவர். பிள்ளைகளை எண்ணாத ஆசிரியை யாரும் இல்லை. ஆனால் இவர் விளையாட்டு நேரத்தில், வேறு ஆசிரியர் பொறுப்பில் பிள்ளைகள் மைதானத்தில் இருக்கும்போதும், ஜன்னல் வழியாக எண்ணுவார். எண்ணிக்கை சரியாக வந்தாலும் மறுபடி எண்ணுவார். கடற்கரைக்குச் சுற்றுலா என்றால் மட்டும் அன்றைக்குத் தலைவலி வந்துவிடும்.

கணவரிடம் ஒரு நாளில் பலமுறை போன் பேசுவார். எடுக்காவிட்டால் அவருடன் அறையில் தங்கியிருப்பவர்களுக்கு அடிப்பார். வீட்டில் இதைச் சந்தேகம் என்றுதான் நினைத்திருந்தார்கள். “மகனை நம்பாத மருமகள்” என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னது டீச்சர் காதுக்கும் வந்திருந்தது. அவர் மறுக்கவில்லை. உண்மையான காரணத்தைச் சொல்வதைவிட அந்தப் பெயரைச் சுமப்பது அவருக்கு எளிதாக இருந்திருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தோம். நல்லது நடந்தால் பயப்படுவார். கணவர் வளையல் வாங்கி அனுப்பிய அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. “சந்தோஷமா இருந்தா அடுத்து ஏதோ வரும் மேடம்.” ஏன் அப்படி என்று கேட்டபோது, யோசிக்கவே தேவையில்லாததுபோலச் சொன்னார்: “கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள்தானே வந்துச்சு.”

## 2004 டிசம்பர் 26

ஞாயிற்றுக்கிழமை. டீச்சருக்கு அப்போது 8 வயது, தம்பிக்கு 4. குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், கடலுக்கும் ஏ.வி.எம். கால்வாய்க்கும் நடுவே நெருக்கமாக வீடுகள் இருந்த ஊர்களில் ஒன்று. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று அன்று அடிவாங்கிய ஊர்களின் பெயர்கள் இங்கே எல்லோருக்கும் தெரியும். கடலில் இருந்து தப்பி ஓடியவர்களைக் கால்வாய் வாங்கிக்கொண்ட இடங்கள் உண்டு. மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அவர்களில் ஏராளமான குழந்தைகள்.

தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் ஓடியிருக்கிறார். தண்ணீர் இருவரையும் தூக்கியது. அவர் ஒரு கூரையில் சிக்கினார். தம்பி கிடைத்தது மூன்றாம் நாள்.

இவ்வளவும் பழைய மருத்துவக் குறிப்பிலேயே இரண்டு வரியாக இருந்தது.

## அதற்குப் பிறகான வருடங்கள்

இவை எந்தக் குறிப்பிலும் இல்லை. பல சந்திப்புகளில், வேறு ஏதோ பேசும்போது துண்டு துண்டாக வந்தவை.

முதலில் தகரக் கொட்டகை, அப்புறம் சுனாமி காலனி. அப்பாவின் வள்ளம் உடைந்துவிட்டது. நிவாரணத்தில் புதுப் படகு வந்தும் அவர் கடலுக்குப் போகவில்லை, குடித்தார். அம்மா நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மகனின் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் யாரும் சொல்லவில்லை. அவனுடைய படம் பீரோவில் துணிக்கு அடியில் இருந்தது.

எட்டு வயதிலிருந்து சோறு வைத்தது இவர்தான். கைக்குழந்தையாக இருந்த தங்கையை வளர்த்ததும் இவர்தான். தகரக் கதவை அப்பா எப்படித் தள்ளுகிறார் என்பதை வைத்து அன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பார். மெதுவாகத் தள்ளினால் அழுவார், பேசாமல் படுத்துவிடுவார். காலால் உதைத்தால் தங்கையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் உண்டு. அதுதான் ஆபத்து, எந்தப் பக்கமும் போகலாம் என்றார். என் அறையில் பைக் சத்தத்துக்குப் பேச்சு நின்றதன் காரணம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் காலனிக்கு ஆலோசனை சொல்ல ஆட்கள் வந்திருக்கிறார்கள். கிரேயான் கொடுத்துப் படம் வரையச் சொன்னார்கள். இவர் வீடும் தென்னை மரமும் வரைந்தார், அவர்கள் நல்லா இருக்கு என்றார்கள். வகுப்பில் முதல் மாணவி, தொந்தரவு இல்லாத பிள்ளை. இப்படிப்பட்ட பிள்ளைகள் எப்போதும் கணக்கெடுப்பில் விடுபட்டுப் போகிறார்கள். கத்துகிற, அடிக்கிற, படுக்கையை நனைக்கிற பிள்ளை யார் கண்ணிலாவது படும்.

அப்பா 2015-இல் ஈரல் கெட்டு இறந்தார். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல். ஆழ்கடலுக்குப் போயிருந்த தாய்மாமன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. போன் எடுக்காதவர் இறந்திருப்பார் என்ற எண்ணம் அந்த டிசம்பரில்தான் உறுதியானது. கல்யாணத்துக்குக் ‘கடல்தொழில் வேண்டாம்’ என்ற ஒரே நிபந்தனை போட்டதும் அதற்குப் பிறகுதான்.

2024 மே மாதம், லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். காற்றோ மழையோ இல்லாமல் திடீரென்று கடல் கரைக்குள் புகும் ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை இருந்த நாட்கள் அவை. அந்தச் செய்தியின் காணொளிகள் எல்லோருடைய போனிலும் ஓடின. அடுத்த மாதம் மகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மகளுக்கு அப்போது தம்பி இறந்த வயது.

## எப்படிப் புரிந்துகொண்டோம்

திரும்பத் திரும்ப எண்ணுவதை மட்டும் பார்த்தால் ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணங்களும் செயல்களும் திரும்பத் திரும்ப வருகிற நோய் போலத் தெரியும். நெஞ்சடைப்பை மட்டும் பார்த்தால் பேனிக், அதாவது திடீர்ப் பீதி நோய். இரண்டையும் யோசித்தோம். எண்ணுவது அர்த்தமில்லாத வேலை என்று ஓசிடி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கும். இவருக்கோ அது முழுக்க நியாயமான வேலை. ஒருமுறை எண்ணாமல் விட்டதன் விலை என்ன என்று தனக்குத் தெரியும் என்று நம்பினார். கெட்ட கனவு, கடலைத் தவிர்ப்பது, திடுக்கிடுவது, தீராத குற்றவுணர்வு எல்லாவற்றையும் சேர்த்து, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய், அதாவது பிடிஎஸ்டி என்று மருத்துவர் முடிவு செய்தார். பிசிஎல்-5 என்கிற 20 கேள்வி அளவுகோலில் 31 முதல் 33-ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும்; இவர் அதைத் தாராளமாகத் தாண்டியிருந்தார். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலில் சிக்கலான பிடிஎஸ்டி என்று தனி வகை உண்டு. பிடிஎஸ்டியோடு தாழ்வான சுய எண்ணம், உணர்ச்சிக் கட்டுப்பாட்டில் குலைவு, உறவுகளில் சிக்கல் மூன்றும் சேர்ந்தால் அந்தப் பெயர். தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம் இவரிடம் இருந்தது. ஆனால் உணர்ச்சிக் கட்டுப்பாடும் உறவுகளும் அந்த அளவுக்குக் குலையவில்லை. அந்தப் பெயரில் நாங்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை.

அமெரிக்காவின் சான்டியாகோவில் ஃபெலிட்டி, அண்டா என்ற மருத்துவர்கள் நடத்தி, 1998-இல் முதல் முடிவுகளை வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது. இரண்டு கட்டமாக மொத்தம் 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சிறுவயதுத் துன்பங்களைக் கேட்டு, பிற்கால உடல், மன நோய்களோடு பொருத்திப் பார்த்தார்கள். துன்பத்தின் வகைகள் கூடக் கூட நோயும் கூடியது. அந்தப் பட்டியல் பின்னர் பத்து வகையாக விரிந்தது. அடி, அவமானம், புறக்கணிப்பு, வீட்டில் குடி, அம்மா அடிபடுவதைப் பார்ப்பது, வீட்டில் மனநோய் போன்றவை அதில் வரும். இயற்கைப் பேரழிவு அந்தப் பட்டியலிலேயே இல்லை. டீச்சரை வைத்து அதை நிரப்பினால் சுனாமிக்குப் பூஜ்யம். மதிப்பெண் முழுவதும் தகரக் கொட்டகையில் இருந்து வரும். இந்த மதிப்பெண்ணை வைத்துத் தனி ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது என்று அண்டாவே 2020-இல் எச்சரித்து எழுதியிருக்கிறார். அதனால் நாங்கள் எண்ணாகப் பயன்படுத்தவில்லை, எங்கே தோண்ட வேண்டும் என்று பார்க்க மட்டும் பயன்படுத்தினோம்.

எங்கள் கணிப்பு இதுதான். அலை வந்த காலை எட்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் இரண்டு விளக்கங்கள் இருந்தன. ஒன்று, எந்தக் காரணமும் இல்லாமல் கடல் வந்து தம்பியைக் கொண்டுபோகும், பெரியவர்களாலும் தடுக்க முடியாது. இன்னொன்று, நான் கையை விட்டதால் போனான். முதலாவதோடு ஒரு குழந்தையால் தூங்கி எழ முடியாது. இரண்டாவது கொடுமையானதுதான், ஆனால் அதில் ஒரு வழி இருக்கிறது: இனிமேல் விடாமல் இருந்தால் போதும். அதன் பிறகு வந்த வருடங்கள் இந்த முடிவுக்குச் சாட்சி சேர்த்தன. கதவுச் சத்தத்தைக் கவனித்த நாளில் தங்கைக்கு அடி விழவில்லை. கவனிக்காத நாளில் விழுந்தது. அந்த வீட்டில் அது சரியான கணக்கு. அவருடைய விழிப்பு அன்று உண்மையிலேயே ஒரு குழந்தையைக் காப்பாற்றியது. இருபது வருடம் கழித்து அதே கணக்கு, ஒழுங்காக ஓடுகிற ஒரு பள்ளி வேனின் மேல் போடப்படுகிறது. வேன் தினமும் பத்திரமாகப் போவதற்குக் காரணம் தான் பின்னாலேயே போவதுதான் என்று மனது எழுதிக்கொள்கிறது. பிடிஎஸ்டி பற்றி எலர்ஸ், கிளார்க் என்ற உளவியலாளர்கள் 2000-இல் முன்வைத்த விளக்கமும் ஏறக்குறைய இதுவே. முடிந்துபோன ஆபத்து இப்போதும் இருப்பதாகத் தோன்றும், அதைத் தணிக்கச் செய்கிற வேலைகளே அந்தத் தோற்றத்தை அழியாமல் காக்கும்.

## எடுத்த முடிவுகள்

மருத்துவர் செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு, பதற்றத்துக்கான மாத்திரையைத் தொடங்கினார். தூக்க மாத்திரை வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பிடிஎஸ்டியில் அந்த வகை மாத்திரைகள் பெரிதாக உதவுவதில்லை, பழக்கமாகிற அபாயம் வேறு. ‘பைத்திய மாத்திரை’ என்று மாமியார் சொல்லிவிடுவாரோ என்று டீச்சர் பயந்தார். அதனால் மாமியாரையே ஒருநாள் வரவழைத்துப் பேசினோம். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டோம், இல்லை என்றார்.

நினைவுகளை நேரடியாக எடுத்துப் பேசும் சிகிச்சையை உடனே தொடங்கலாமா என்பதுதான் பெரிய கேள்வி. தாமதிக்கத் தேவையில்லை, நேராக இறங்கலாம் என்று சொல்கிற நிபுணர்கள் உண்டு. பெரும்பாலும் எனக்கும் அதே கருத்துத்தான். இவர் விஷயத்தில் ஜனவரி வரை தள்ளி வைத்தோம். கணவர் ஊரில் இல்லை, பிள்ளைக்கு இவர் ஒருவர்தான். அந்த டிசம்பர் சுனாமியின் இருபதாம் ஆண்டு. அதுவரை வேனையும் போனையும் மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வேனுக்குப் பின்னால் ஜங்ஷன் வரை மட்டும் போவது, சில வாரம் கழித்து தெருமுனை வரை, பிறகு வீட்டு வாசலோடு நிற்பது என்று படிப்படியாகக் குறைத்தோம். ஒவ்வொரு முறையும் போகும் முன் ‘இன்று என்ன நடக்கும்’ என்று ஒரு நோட்டில் எழுதுவார், சாயங்காலம் ‘என்ன நடந்தது’ என்று பக்கத்தில் எழுதுவார். ஆசிரியை அல்லவா, சிவப்பு மையில் டிக் போட்டுக்கொண்டு வருவார். பதற்றம் வந்தால் மூச்சை மெதுவாக விடச் சொல்லிக்கொடுத்திருந்தோம். கொஞ்ச நாளில், வேன் திரும்பும் வரை மூச்சுப் பயிற்சி செய்தால் விபத்து நடக்காது என்று அதையும் காவலாக மாற்றிவிட்டார். அந்தப் பயிற்சியை நிறுத்தினோம்.

கணவரோடு வீடியோவில் பேசினோம். மனைவி தன்னைச் சந்தேகப்படுவதாகவே இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தவர். அதனால் எங்கே போனாலும் படம் எடுத்து அனுப்புவார். நல்ல மனிதர், சண்டை வராமல் இருக்கச் செய்த வேலை அது. ஆனால் அந்தப் படங்கள் இல்லாத அரைமணி நேரமே டீச்சருக்கு மரண நேரம் ஆகியிருந்தது. காலை ஒன்று, இரவு ஒன்று என்று இரண்டு அழைப்புக்குக் குறைத்தார்கள். விஷயத்தைக் கேட்ட பிறகு அவர் சொன்னது: “இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் லீவு போட்டு வந்திருப்பேனே.” அதற்காகவே சொல்லவில்லை என்று டீச்சர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

## இருபதாம் ஆண்டு

2024 டிசம்பரில் எதிர்பார்த்தது நடந்தது. தொலைக்காட்சி, செய்தித்தாள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாவற்றிலும் பழைய காட்சிகள். தூக்கம் மறுபடி கெட்டது, ஸ்கூட்டர் மறுபடி ஜங்ஷன் வரை போனது. ஊரில் நினைவுத் திருப்பலிக்கும் கல்லறைக்கும் போவது வழக்கம். ஒவ்வொரு வருடமும் சமையல் வேலை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவார். இந்த முறையாவது போகட்டும் என்று தங்கை என்னிடம் சிபாரிசு கேட்டார். நான் வற்புறுத்தவில்லை. ஊர் முழுக்க அழுகிற இடத்தில் முதல்முறை அதைச் சந்திக்க வேண்டாம் என்று தோன்றியது.

## ஜனவரிக்குப் பிறகு

அந்தக் காலையை நிகழ்காலத்தில், கண்ணை மூடி, வரிசையாகச் சொல்லச் சொன்னோம். தண்ணீர், சத்தம், கூரை. சொல்லும்போது உடல் நடுங்கியது, ஆனால் தாங்கினார். உச்சம் அங்கே இல்லை. அது தண்ணீர் வடிந்த பிறகு, கோயில் பக்கத்துக் கூடத்தில் இருந்தது. அம்மா ஓடி வந்து இவருடைய இரண்டு கைகளையும் பிடித்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அவனெங்க? கைய விட்டுட்டியா?” என்று கேட்கிறார். அந்த இடத்தில் டீச்சரின் குரல் போய்விடும். இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் மூடி வைத்துக்கொள்வார். இருபது வருடமாகத் திரும்பத் திரும்ப ஓடியது அந்த ஒரு கேள்விதான்.

நீங்கள் குற்றவாளி இல்லை என்று நாங்கள் வாதாடவில்லை. அதைப் பலர் பலமுறை சொல்லியிருக்கிறார்கள், அவரும் தலையாட்டியிருக்கிறார். ஒன்று மட்டும் கேட்டேன்: “ஒங்க வகுப்புப் பிள்ளைங்களுக்கு என்ன வயசு டீச்சர்?”

பதில் வரவில்லை. அடுத்த முறை வந்தபோது சொன்னார். கையெழுத்து நோட்டில் ஒரு சிறுமியின் கையைப் பிடித்து ‘ழ’ எழுத வைத்திருக்கிறார். அவள் பிறந்தநாளுக்குப் புதுக் கைக்கடிகாரம் கட்டி வந்திருந்தாள். வாரின் கடைசி ஓட்டையில் மாட்டியும் அது முழங்கை வரை வழுக்கியது. டீச்சரின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் அந்த மணிக்கட்டைச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்தப் பிள்ளை, “மிஸ், எழுதட்டா?” என்று கேட்டிருக்கிறாள்.

“அந்தக் கையால பிடிச்சிருக்க முடியாது மேடம். யாராலயும் முடியாது.”

இந்த இடத்தில் நிம்மதி வரும் என்று பொதுவாக எதிர்பார்ப்பார்கள். வந்தது அதற்கு நேர்மாறு. அடுத்த வாரங்கள் சிகிச்சையிலேயே மோசமான வாரங்கள். தூக்கம் இல்லை, வகுப்பில் கோபம், அப்பாவின் மேல் ஆத்திரம். தன் மேல் குற்றம் இருக்கும்வரை உலகம் அவருக்குக் கட்டுப்பட்டதாக இருந்தது. குற்றம் போனதும், யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்பதை முதன்முறையாக நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருந்தது. இருபது வருடம் தள்ளிப்போட்ட அழுகை அப்போதுதான் வந்தது. சிகிச்சையால் கெடுதல் ஆகிறது, நிறுத்திவிடுங்கள் என்று வீட்டில் சொன்னார்கள். இப்படி ஒரு கட்டம் வரலாம் என்று மாமியாரிடமும் கணவரிடமும் முன்பே பேசி வைத்திருந்ததால் தாக்குப்பிடித்தோம். மருத்துவர் அந்தச் சமயத்தில் அடிக்கடி பார்த்தார்.

## அம்மா

அம்மாவை அழைக்கலாமா என்று டீச்சரே கேட்டார். தயங்கினேன். அந்தக் கேள்வியை அம்மாவின் முன்னால் வைத்தால் அவரும் உடைந்துபோகலாம். அதனால் குற்றம் சாட்டவோ மன்னிப்பு வாங்கவோ இல்லை, தம்பியைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் என்று மூவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டோம்.

பேச்சுப்போக்கில் டீச்சர் அந்தக் கூடத்தைப் பற்றிக் கேட்டுவிட்டார். அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “அண்ணைக்கு நான் என்ன சொன்னேன்னு ஒண்ணும் ஓர்மையில்ல மக்ளே. இவ அப்பன் சாப்பிடாம சாப்பிட மாட்டா. அது ஓர்மையிருக்கு.”

மன்னிப்பு இல்லை, மறுப்பும் இல்லை. அந்தக் கேள்வி அப்படியே கேட்கப்பட்டதா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. சிகிச்சையை அதன் மேல் கட்டாமல் இருந்தது நல்லதாயிற்று. அப்புறம் இருவரும் தம்பி அன்று போட்டிருந்த கால்சட்டை நீலமா சிவப்பா என்று வாதாடத் தொடங்கினார்கள். அம்மா நீலம் என்றார். எடுத்துக்கொடுத்ததே தான்தான் என்றார். டீச்சர் சிவப்பு என்பதில் உறுதியாக இருந்தார். பல வருடங்களுக்குப் பிறகு அவனுடைய பெயரை இருவரும் பலமுறை சொன்னார்கள், கொஞ்சம் கோபமாக.

## விளைவு

2025 ஆகஸ்டில் வழக்கமான சந்திப்புகளை முடித்தோம். பிசிஎல்-5 மதிப்பெண் சந்தேக எல்லைக்குக் கீழே வந்திருந்தது. நெஞ்சடைப்பு எப்போதாவது வருகிறது, மருத்துவமனைக்கு ஓடுவதில்லை. மகள் வேனில் தனியாகப் போகிறாள். முங்குவது பற்றிய கேள்வி நின்றுவிட்டது. அதற்காகப் பிள்ளைக்கு எந்தச் சிகிச்சையும் கொடுக்கவில்லை. மாத்திரையை மருத்துவர் தொடர்கிறார்.

மாறாதவையும் உண்டு. மைதானத்தில் பிள்ளைகளை இன்னும் எண்ணுகிறார், ஒருமுறையோடு நிறுத்துகிறார். புயல் எச்சரிக்கை வந்தால் மஸ்கட்டுக்கு அழைப்புகள் கூடுகின்றன. கடற்கரைக்கு இன்னும் போகவில்லை, போக விருப்பமும் இல்லை என்கிறார். அதை அறிகுறியாக எழுதுவதா, ஒரு மனுஷியின் விருப்பமாக விட்டுவிடுவதா என்று நானும் மருத்துவரும் வேறுவேறு கருத்தில் இருக்கிறோம். ‘பரவாயில்ல மேடம்’ குறைந்திருக்கிறது. கடைசிச் சந்திப்புக்கு முந்தைய வாரம், தேர்வுத்தாள் திருத்துகிற கூடுதல் வேலையை முடியாது என்று தலைமையாசிரியையிடம் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு அன்று இரவு தூங்கவில்லையாம். ஆனால் மறுநாள் போய் வாங்கிக்கொள்ளவில்லை.

## மாற்றியவை, மாற்ற வேண்டியவை

கடற்கரை ஊர்களில் இருந்து வருபவர்களிடம் இப்போது ‘சுனாமியில் பாதிப்பு உண்டா’ என்பதோடு நிற்பதில்லை. ‘அதற்குப் பிறகு வீட்டில் சோறு வைத்தது யார், குடித்தவர் யார், யாருடைய பெயரைச் சொல்லாமல் விட்டீர்கள்’ என்று கேட்கிறோம். முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்பவர்கள் பின்னதற்கு அரைமணி நேரம் பேசுகிறார்கள்.

குடும்பத்தை இன்னும் சீக்கிரம் சேர்த்திருக்கலாம் என்பது மருத்துவரின் கருத்து. கணவரிடம் ஜூனிலேயே பேசியிருந்தால் ‘சந்தேகம்’ என்ற பேச்சு முன்பே அடங்கியிருக்கும். ஆனால் டீச்சரின் ஒப்புதல் இல்லாமல் அதைச் செய்திருக்க முடியாது. ஒப்புதல் வந்தது செப்டம்பரில்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. எந்த வேலையையும் மறுக்காத, யாரையும் எதுவும் கேட்காத ஆசிரியையும் மாணவியும் உங்களுக்கு வசதியானவர்கள்தான். வருடத்தில் ஒருமுறையாவது அவர்களை உட்காரவைத்துப் பேசலாம். வெளியே போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவியில், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

டீச்சரின் மகளுக்கு 2028-இல் எட்டு வயது ஆகும். பிள்ளை நாலு வயதைத் தொட்டபோது எழுந்தது, எட்டைத் தொடும்போதும் எழலாம். அதனால் அந்த வருடம் ஜூன் மாதமே ஒரு சந்திப்பு என்று இப்போதே குறித்து வைத்திருக்கிறோம். தேதியை அவரே எழுதினார், பள்ளி திறந்த முதல் சனிக்கிழமை.